தொழிற்சங்கத் தலைவர் எம்.எல்.ஏ. ஆனார்: வாழ்க்கைக் குறிப்பில் ஆண்டுகளையும் பதவிகளையும் எப்படிச் சரிபார்ப்பது?

மலர்க்குழு:

பஞ்சாலைத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவருக்கு நூற்றாண்டு மலர் தயாராகிறது. மில்லில் நூற்புப் பிரிவுத் தொழிலாளியாக இருந்து, சங்கச் செயலாளராகி, தலைவராகி, மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் இரண்டு முறை சட்டமன்றத்துக்குப் போனவர். வாழ்க்கைக் குறிப்புக்கு 6 பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். இதுவரை எழுதியது எல்லாம் குடும்பத்தாரும் பழைய தோழர்களும் வாய்மொழியாகச் சொன்னது. ஆவணம் எதையும் இன்னும் தொடவில்லை. அச்சுக்குப் போக இரண்டு மாதம் இருக்கிறது. இடிக்கிற வரிகளை அப்படியே தருகிறேன்:

1. "1958-ல் சிஐடியு சங்கத்தின் செயலாளரானார்."
2. "1960-ல் நிர்வாகத்தோடு போராடி மாதம் 10 ரூபாய் சம்பள உயர்வு வாங்கித் தந்தார்."
3. "1965-ல் ஓராண்டு சிறைத் தண்டனை அனுபவித்தார்."
4. "1967 தேர்தலில் சங்க நிதியிலிருந்தே டெபாசிட் கட்டப்பட்டது. 1967 முதல் 1972 வரையும், 1977 முதல் 1982 வரையும் சட்டமன்ற உறுப்பினர்."
5. "எம்.எல்.ஏ. ஆனவுடன் சட்டப்படி சங்கத் தலைவர் பதவியிலிருந்து விலகினார்."
6. "1974-ல் சட்டமன்றத்தில் வாதாடி மில்லை அரசுடைமை ஆக்கினார்."

எதை எங்கே பார்த்தால் உறுதியாகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேரவைக்குறிப்பு:

நாலாவது வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது ஆவணமே பார்க்காமல் தப்பென்று சொல்லக்கூடியது. தேர்தலில் ஜெயித்த ஆண்டோடு ஐந்தைக் கூட்டிப் போடுவது எல்லா மலர்களிலும் நடக்கிற தவறு. தமிழ்நாட்டில் பேரவை பல முறை முழு ஆயுளும் இருந்ததில்லை. 1967 பேரவை 1971 ஜனவரியிலேயே கலைக்கப்பட்டது. 1977 ஜூனில் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை 1980 பிப்ரவரியில் கலைக்கப்பட்டது. ஆக உங்கள் தலைவரின் காலம் 1967–71, 1977–80. 1972-லும் 1982-லும் அவர் உறுப்பினர் இல்லை. 1980-ல் மறுபடி நின்று ஜெயித்திருந்தால் அது மூன்றாவது முறை, நீங்கள் இரண்டு முறை என்கிறீர்கள்.

இதையே ஆறாவது வரியோடு சேர்த்துப் பாருங்கள். 1974-ல் நடந்துகொண்டிருந்தது 1971 தேர்தலில் வந்த பேரவை. அதில் அவர் இல்லை. அவர் இல்லாத அவையில் எப்படி வாதாடியிருப்பார்? போகட்டும், ஆலைகளை அரசுடைமை ஆக்கியதும் மாநில சட்டமன்றம் இல்லை. 1974-ல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தின் மூலம் 103 நலிந்த ஆலைகள் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கைக்குப் போயின. சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆலைகளின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. உங்கள் மில்லின் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல ஆலைகளின் நிர்வாகம் அதற்கு முன்பே, 1972 வாக்கில், அரசு கைக்குப் போய்விட்டது. மில்லை எடுத்துக்கொள்ளச் சொல்லி 1967–71 காலத்தில் அவர் பேரவையில் பேசியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதைக் கண்டுபிடித்து, "மூடிக்கிடந்த மில்லை அரசு ஏற்க வேண்டுமென்று இந்தத் தேதியில் பேரவையில் கோரினார்" என்று எழுதினால் உண்மையாகவும் இருக்கும், அவருக்குப் பெருமையாகவும் இருக்கும்.

எங்கே பார்ப்பது:

தேர்தல் முடிவுக்குத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கை. 1952 முதல் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் பிடிஎஃப் கிடைக்கும். 1967 அறிக்கை "மெட்ராஸ்" என்ற பெயரில் இருக்கும், மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14-ல்தான். பெயர்கள் ஆங்கில எழுத்தில், இனிஷியல் முன்னும் பின்னும் மாறி இருக்கும். ஆகவே பெயரை வைத்துத் தேடாமல் தொகுதியைத் திறந்து பாருங்கள். தொகுதி விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை: 1967-லும் 1977-லும் ஒரே பெயரில் தொகுதி இருந்தாலும் எல்லை ஒன்றாக இருந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நடுவில் மறுவரையறை நடந்திருக்கிறது. "அதே மக்கள் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்" என்ற மாதிரி வரி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

வாழ்க்கை விவரத்துக்கு, பேரவைச் செயலகம் ஒவ்வொரு பேரவைக்கும் வெளியிடும் யார்–எவர் தொகுப்பு. பிறந்த தேதி, படிப்பு, தொழில், வகித்த பதவிகள் எல்லாம் இருக்கும். ஆனால் அது உறுப்பினர் தாமே எழுதிக் கொடுத்த விவரம். பிறந்த தேதியைப் பள்ளிச் சான்றிதழோடு ஒப்பிடாமல் போடாதீர்கள்.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் இரங்கல் குறிப்பு. முன்னாள் உறுப்பினர் இறந்தால், அடுத்துக் கூடும் கூட்டத்தொடரில் பேரவைத் தலைவர் இரங்கல் குறிப்பு வாசிப்பார். எந்தத் தொகுதி, எந்தக் காலம், இறந்த தேதி என்று நாலு வரியில் அலுவல்பூர்வமாக வந்துவிடும். அவர் இறந்த ஆண்டின் நடவடிக்கைக் குறிப்பில் முதல் நாள் பக்கங்களைப் பாருங்கள்.

பேச்சுகளுக்குப் பேரவை நடவடிக்கைக் குறிப்புகளின் தொகுதிகள். ஒரு தொகுதி பல நூறு பக்கம், முழுதும் புரட்ட வேண்டாம். பொருளடக்கத்தில் உறுப்பினர் பெயர் வரும். தொழிற்சங்கக்காரர் நிச்சயம் பேசியிருக்கும் நாள் தொழிலாளர் துறை மானியக் கோரிக்கை விவாதம், அதாவது அந்தத் துறைக்கான பட்ஜெட் ஒதுக்கீடு பற்றிய விவாதம். ஆண்டுக்கு ஒன்று என்று வைத்தால் அவருக்கு ஏழெட்டுக்குள் அடங்கிவிடும். அதை முடித்துவிட்டுக் கைத்தறி, தொழில் துறை மானியங்களைப் பாருங்கள். பிறகு கவன ஈர்ப்புத் தீர்மானங்கள்: கதவடைப்பு, ஆட்குறைப்பு, துப்பாக்கிச்சூடு நடந்த வாரங்களின் தேதியை வைத்துத் தேடினால் உடனே சிக்கும்.

பன்னிரண்டு மூன்று:

சட்டமன்றப் பக்கத்தை மேலே இருப்பவர் முடித்துவிட்டார். சங்கப் பக்கத்தைச் சொல்கிறேன். தொழிற்சங்கக்காரர் வாழ்க்கையில் உண்மையான ஆவணம் இங்கேதான் இருக்கிறது, சட்டமன்றத்தில் பேசியது கால்வாசிகூட இல்லை.

முதல் வரி. 1958-ல் சிஐடியு கிடையாது. மார்க்சிஸ்ட் கட்சி சார்ந்த தொழிற்சங்க மையமான சிஐடியு 1970 மே கடைசியில் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தது 1964. நடுவில் அந்த ஆறு ஆண்டுகள் மார்க்சிஸ்ட் தோழர்களும் பழைய மையமான ஏஐடியுசியின் சங்கங்களிலேயே இருந்தார்கள். ஆக 1967-ல் உங்கள் தலைவர் மார்க்சிஸ்ட் எம்.எல்.ஏ., அதே நேரம் ஏஐடியுசி சங்கத் தலைவர். இப்போது படிப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும், ஆகவே ஒரு வரி விளக்கம் கட்டாயம் வேண்டும். உங்கள் சங்கம் எந்தத் தேதியில் சிஐடியுவில் இணைந்தது என்பது பொதுக்குழுத் தீர்மான நோட்டில் இருக்கும். சில இடங்களில் சங்கமே இரண்டாகி, புதுப் பதிவு எண் வாங்கியிருப்பார்கள். அப்படியானால் 1958 சங்கமும் 1971 சங்கமும் சட்டப்படி வேறு வேறு. பழைய சந்தா ரசீதையும் லெட்டர்ஹெட்டையும் எடுத்து வைத்துப் பதிவு எண்ணை ஒப்பிடுங்கள். ரசீதின் தலைப்பிலேயே அச்சாகியிருக்கும்.

மற்ற மலர்களிலும் இதே குழப்பம் வரும் என்பதால் தொழிற்சங்க மையங்கள் தொடங்கிய ஆண்டுகளையும் போட்டுவிடுகிறேன்: ஏஐடியுசி 1920, ஐஎன்டியுசி 1947, எச்எம்எஸ் 1948, பிஎம்எஸ் 1955, சிஐடியு 1970, தொமுச பேரவை 1970. புகைப்படத்தில் பின்னால் இருக்கும் பேனரைப் பார்த்தே படத்தின் ஆண்டைத் தோராயமாகச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது வரி. 1960, மாதம் 10 ரூபாய் என்றதும் எனக்கு உறைத்தது ஊதியக்குழு. பஞ்சாலைத் தொழிலுக்கான மத்திய ஊதியக்குழு 1957-ல் அமைந்தது. அதன் பரிந்துரை: முதல் வகை ஆலைகளுக்கு 1960 ஜனவரி முதல் மாதம் 8 ரூபாய், இரண்டாம் வகைக்கு 6 ரூபாய், 1962 ஜனவரி முதல் எல்லோருக்கும் மேலும் 2 ரூபாய். எட்டும் இரண்டும் பத்து. உங்கள் தோழர்கள் நினைவில் இரண்டு தவணையும் ஒன்றாகிவிட்டிருக்க வாய்ப்பு அதிகம். இதனால் தலைவரின் பங்கு இல்லையென்று ஆகிவிடாது. ஊதியக்குழுப் பரிந்துரை தானாகக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை. ஒவ்வொரு மில்லிலும் அதை அமல்படுத்த வைப்பதுதான் சண்டை. எந்த வகையில் மில்லைச் சேர்த்தார்கள், நிலுவை எந்த மாதத்திலிருந்து கிடைத்தது, பதிலித் தொழிலாளிக்கும் (வராதவருக்குப் பதிலாக வேலை பார்ப்பவர்) சேர்த்துக் கிடைத்ததா: சங்கம் சாதித்தது இதில் ஏதோ ஒன்றாக இருக்கும். அதைக் கண்டுபிடியுங்கள்.

கண்டுபிடிக்கும் இடம் ஒப்பந்தம். அன்றைய தொழிற்தகராறு சட்டத்தில் இரண்டு வகை. 12(3) ஒப்பந்தம் அரசின் சமரச அலுவலர் முன்னிலையில் போடுவது. அது சங்கத்தில் இல்லாத தொழிலாளி, பிறகு வேலைக்குச் சேர்பவர் உட்பட எல்லோரையும் கட்டுப்படுத்தும். 18(1) ஒப்பந்தம் நிர்வாகமும் சங்கமும் நேரடியாகப் போடுவது, கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்தும். "அத்தனை தொழிலாளிக்கும் வாங்கித் தந்தார்" என்று எழுதினால் கையில் 12(3) இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தைப் படிக்கும் முறை: மேலே நிர்வாகத் தரப்பு, தொழிலாளர் தரப்புப் பெயர்கள். அடுத்து தகராறின் சுருக்கம், பிறகு ஷரத்துகள், கடைசியில் கையெழுத்து, சாட்சிகள். மூன்றை மட்டும் கவனியுங்கள். கையெழுத்தான தேதியும் அமலுக்கு வந்த தேதியும் வேறாக இருக்கும், பெரும்பாலும் முன்தேதியிட்டு அமலாகும். இரண்டையும் குழப்பினால் போராட்டம் ஒப்பந்தத்துக்குப் பிறகு நடந்த மாதிரி ஆகிவிடும். அடுத்து, உங்கள் சங்கத்தோடு வேறு எத்தனை சங்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஒரே மில்லில் மூன்று நான்கு சங்கம் சேர்ந்து வாங்கியதை ஒருவர் வாங்கினார் என்று அச்சடித்தால் மற்ற சங்கத்துக்காரர்கள் மலர் வெளியீட்டு விழாவிலேயே கேட்பார்கள். கடைசியாக, உங்கள் தலைவர் கையெழுத்துக்குக் கீழே என்ன பதவி எழுதியிருக்கிறது. ஐந்தாவது வரி சரியா என்பதற்குப் பதில் அங்கேயே கிடைக்கும்: 1968-லோ 1969-லோ அவர் "தலைவர்" என்று கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று கிடைத்தால், விலகவில்லை என்பது முடிந்த கதை.

சட்டம் என்ன சொன்னது? 1926 தொழிற்சங்கச் சட்டம் எம்.எல்.ஏ. சங்கப் பதவி வகிக்கக்கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. அப்போது இருந்த கட்டுப்பாடு 22-வது பிரிவு: நிர்வாகிகளில் குறைந்தது பாதிப்பேர் அந்தத் தொழிலில் வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும், மீதி வெளியார் இருக்கலாம். மில் வேலையை விட்டிருந்தால் அவர் வெளியார் கணக்கில் வருவார், அவ்வளவுதான். அந்தக் கால வெளியார் தலைவர்கள் ஒரே நேரத்தில் பல சங்கங்களுக்குத் தலைவராக இருப்பது சாதாரணம். உங்கள் தலைவரும் மில் சங்கத்தை விட்டாரா, அல்லது ஏழெட்டுச் சங்கத்தில் ஒன்றை மட்டும் விட்டாரா என்று பாருங்கள்.

டெபாசிட் விவகாரம் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டியது. சங்கத்தின் பொது நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று அந்தச் சட்டத்தின் 15-வது பிரிவு பட்டியல் போட்டிருந்தது. தேர்தல் செலவு அதில் இல்லை. அரசியல் காரியத்துக்கு 16-வது பிரிவின்படி தனி நிதி வைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பணம் கொடுக்க யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, கொடுக்காதவரை ஒதுக்கவும் முடியாது. "சங்க நிதியிலிருந்தே கட்டப்பட்டது" என்று பெருமையாக எழுதினால் சங்கம் சட்டத்தை மீறியது என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். அன்றைக்குச் சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய். சம்பள நாளில் மில் வாசலில் துண்டு ஏந்தி வசூலித்திருப்பார்கள், அது சங்க நிதி ஆகாது. ஆண்டுக் கணக்கில் அரசியல் நிதி என்று தனித் தலைப்பில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் "தொழிலாளர்கள் வசூலித்துக் கட்டினார்கள்" என்று மாற்றுங்கள். அதையும் இரண்டு பேராவது தனித்தனியாகச் சொல்லியிருந்தால் மட்டும்.

மலர்க்குழு:

மிக்க நன்றி தோழர். சங்க அலுவலகத்தில் கேட்டதற்கு 1980-க்கு முந்தைய நோட்டு, கணக்கு எதுவும் இல்லை என்கிறார்கள், கரையான் அரித்துவிட்டதாம். பதிவு எண் மட்டும் ஒரு பழைய ரசீதில் கிடைத்தது. மூன்றாவது வரியான சிறைத் தண்டனை பற்றி யாரும் சொல்லவில்லையே?

பழைய பைல்:

பதிவு எண் கிடைத்துவிட்டதல்லவா, பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சங்கத்தில் நோட்டு போனாலும் பதிவாளரிடம் கோப்பு இருக்கலாம். பதிவான ஒவ்வொரு சங்கமும் தன் ஆண்டுக் கணக்கை 1926 சட்டத்தின் 28-வது பிரிவின்படி ஆண்டறிக்கையாகத் தொழிற்சங்கப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. உறுப்பினர் எண்ணிக்கை, வரவு செலவு, அந்த ஆண்டில் நிர்வாகிகளில் யார் போய் யார் வந்தார் எல்லாம் அதில் உண்டு. உங்கள் ஐந்தாவது வரிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், ஆனால் கேட்கும் விதத்தில்தான் பலர் தோற்கிறார்கள். "இவர் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை தலைவராக இருந்தார்?" என்று கேட்டால் "கேள்விகளுக்கு விடையளிக்க இயலாது" என்று திரும்பும். "பதிவு எண் இன்னதாகக் கொண்ட சங்கத்தின் கோப்பில் உள்ள 1957 முதல் 1980 வரையிலான ஆண்டறிக்கைகளின் நகல், நிர்வாகிகள் மாற்ற அறிவிப்புகளின் நகல்" என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கூடவே "கோப்பை நேரில் பார்வையிட அனுமதி" என்று ஒரு வரி. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போனால் 5 நாளில் சரியான இடத்துக்கு மாற்ற வேண்டியது அவர்கள் பொறுப்பு.

"தனிநபர் தகவல்" என்று மறுத்தால் அதே சட்டத்தின் 8(3) பிரிவைச் சுட்டி முதல் மேல்முறையீடு போடுங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலுக்குத் தனிநபர் என்ற காரணம் செல்லாது. "கோப்பு அழிக்கப்பட்டது" என்று வந்தால், எந்த உத்தரவின்படி எந்தத் தேதியில் என்று அழிப்புப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். பாதி நேரம் இந்த இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு கோப்பு "கிடைத்துவிடும்". உங்களிடம் இரண்டு மாதம்தான் இருப்பதால் மனுவை இந்த வாரமே போடுங்கள்.

இப்போது சிறை. மார்க்சிஸ்ட் தலைவர், 1965 என்றால் அது பெரும்பாலும் தண்டனை இல்லை. 1964 டிசம்பர் கடைசியில் நாடு முழுக்க அந்தக் கட்சியினரை டி.ஐ.ஆர். என்கிற இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் பிடித்து உள்ளே வைத்தார்கள். அது தடுப்புக் காவல்: வழக்கு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. தண்டனை என்றால் நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்னதாக அர்த்தம். செய்யாத குற்றத்தை அவர் தலையில் நீங்களே ஏற்றிவிடுவீர்கள். ரிமாண்ட் (வழக்கு முடியும்வரை வைக்கும் விசாரணைக் காவல்), தடுப்புக் காவல், தண்டனை மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். தடையை மீறி ஊர்வலம் போனதற்கு 15 நாள் உள்ளே இருந்தார் என்பதுகூட ரிமாண்டா தண்டனையா என்று பார்க்க வேண்டும்.

சட்டரீதியாகவும் வித்தியாசம் பெரியது. இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால் தேர்தலில் நிற்கும் தகுதி போகும். தடுப்புக் காவலில் இருப்பவர் உள்ளே இருந்தபடியே நிற்கலாம். பி. ராமமூர்த்தி 1952-ல் மதுரை வடக்கில் ஜெயித்தது சிறையில் இருந்தபடிதான்.

ஆவணம்: தடுப்புக் காவல் உத்தரவு உள்துறை அரசாணையாக எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம். ஆய்வாளர் அனுமதி வாங்க நாளாகும், அறிமுகக் கடிதமும் அடையாள அட்டையும் முன்கூட்டியே தயார் செய்யுங்கள். சீக்கிரம் வேண்டுமென்றால் பத்திரிகை. 1963-ல் தொடங்கிய தீக்கதிர் உங்களுக்கு நேரடியாக உதவும், 1964-க்கு முந்தையதற்கு ஜனசக்தி. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்களும் துண்டறிக்கைகளும் கேட்டுப் பாருங்கள். கட்சிப் பத்திரிகை தேதிக்கு நம்பகம், எண்ணிக்கைக்கு இல்லை. ஊர்வலத்தில் எத்தனை பேர் என்பதை அதிலிருந்து எடுக்காதீர்கள், எதிர்த்தரப்புப் பத்திரிகையிலிருந்தும் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. எம்.எல்.ஏ.வாக இருக்கும்போது கைதானால் போலீஸோ மாஜிஸ்டிரேட்டோ பேரவைத் தலைவருக்குக் காரணம், பிரிவு, வைத்திருக்கும் இடம் எல்லாம் எழுதித் தெரிவிக்க வேண்டும். அது அவையில் படிக்கப்படும் அல்லது உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு விடப்படும். 1967–71, 1977–80 காலத்துக் கைதுகளுக்கு நடவடிக்கைக் குறிப்பே சாட்சி.

ரயிலடி:

குறுக்கே ஒரு கேள்வி. ரயில்வே தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் 1946-ல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குப் போனதாகச் சொல்கிறார்கள். தேர்தல் ஆணையத் தளத்தில் பெயரே இல்லை. தொகுதியும் தெரியவில்லை. கட்டுக்கதையா?

பேரவைக்குறிப்பு:

கட்டுக்கதையாக இருக்க வேண்டியதில்லை. ஆணையத்தின் அறிக்கைகள் 1952-லிருந்துதான். 1937, 1946 தேர்தல்கள் 1935 இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் நடந்தவை. அந்த ஏற்பாட்டில் சென்னை சட்டமன்றத்தின் 215 இடங்களில் 6 இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஊர்ப்பெயர் இல்லாமல் ரயில்வே தொழிற்சங்கம், துணியாலைத் தொழிலாளர் என்ற மாதிரித் தொகுதிகள். வாக்காளர்களும் ஊர் மக்கள் இல்லை. வங்காளத்தில் ஜோதி பாசு 1946-ல் முதல் தடவை சட்டமன்றம் போனது ரயில்வே தொழிலாளர் தொகுதி வழியாகத்தான். உங்களவர் தொகுதியை மாவட்ட வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. அன்றைய அரசிதழில் தேர்தல் முடிவு அறிவிக்கையைப் பாருங்கள், 1946 நடவடிக்கைக் குறிப்பின் முதல் தொகுதியில் பதவிப் பிரமாணம் எடுத்தவர்கள் பட்டியலையும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தொழிற்சங்கத் தலைவர் என்றாலே தொழிலாளர் தொகுதி என்று எழுதிவிடுகிறார்கள். வி.வி. கிரி வங்காள நாக்பூர் ரயில்வே தொழிலாளர்களைத் திரட்டியவர், 1926-லேயே ஏஐடியுசி தலைவர். ஆனால் 1937-ல் அவர் ஜெயித்தது பொப்பிலி பொதுத் தொகுதியில், பொப்பிலி ராஜாவையே தோற்கடித்து. அதன் பிறகுதான் ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர், தொழில் துறை அமைச்சர்.

சந்தாப் புத்தகம்:

ஐந்தாவது வரி பற்றி: அமைச்சர் ஆனால் சங்கப் பதவியை விட்டாக வேண்டும் என்பது சட்டம்தானே? எம்.எல்.ஏ.வுக்கும் அது பொருந்தும் என்று நினைத்து எழுதியிருப்பார்கள்.

பன்னிரண்டு மூன்று:

அமைச்சருக்கு மட்டும் அது சரி, அதுவும் 2002 ஜனவரி 9-லிருந்துதான். 2001 திருத்தத்தில் 22-வது பிரிவில் புதிதாகச் சேர்த்தது: மத்திய, மாநில அமைச்சரவை உறுப்பினரும், ஆதாயம் தரும் பதவி வகிப்பவரும் பதிவான சங்கத்தின் நிர்வாகியாக இருக்க முடியாது. சாதாரண எம்.எல்.ஏ. இதில் வரமாட்டார். ஏ. சௌந்தரராசன் 2011-ல் பெரம்பூரில் ஜெயித்தபோது சிஐடியு மாநிலப் பொறுப்பில் இருந்தவர்தான். அதே திருத்தம் வெளியார் கணக்கையும் இறுக்கியது: பாதி என்றிருந்தது, அமைப்புசார்ந்த தொழிலில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், எது குறைவோ அது என்று ஆனது. ஓய்வு பெற்றவரும் ஆட்குறைப்பில் வெளியே போனவரும் வெளியார் இல்லை என்ற விளக்கமும் அப்போதுதான் வந்தது. 1960, 70-களின் கதையில் இந்த விதிகளைப் பொருத்தினால் எல்லாமே தப்பாகும்.

இப்போது பதவியில் இருக்கும் தலைவர்களைப் பற்றி எழுதுபவர்களுக்கு: 2025 நவம்பர் 21 முதல் 1926 சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. பிரிவு எண்களைப் பழைய புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள்.

மலர்க்குழுத் தோழருக்கு இன்னும் ஒன்று. மில்லில் சேர்ந்த தேதியும் வேலையை விட்ட தேதியும் யாருக்கும் சரியாக நினைவிருக்காது. வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1952-ல் வந்தபோது முதலில் சேர்க்கப்பட்ட ஆறு தொழில்களில் பஞ்சாலையும் ஒன்று. வீட்டில் பழைய பி.எஃப். சீட்டோ கணக்கு முடித்த கடிதமோ இருந்தால் அதில் கணக்கு எண் இருக்கும், வேலையை விட்ட தேதியும் காரணமும் இருக்கும். "ராஜினாமா" என்று இருக்கிறதா "பணிநீக்கம்" என்று இருக்கிறதா பாருங்கள். பணிநீக்கம் என்றால் அதை எதிர்த்துத் தொழில் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்திருக்க வாய்ப்புண்டு. தீர்ப்பு அரசிதழில் வந்திருக்கும். அங்கே அவர் பெயரைத் தேடாதீர்கள், தலைப்பில் மில் பெயரும் "தொழிலாளர்கள்" என்ற சொல்லும்தான் இருக்கும். ஐ.டி. எண்ணையும் (தொழிற்தகராறு வழக்கு எண்) ஆண்டையும் குறித்துக்கொண்டு உள்ளே படித்தால் டிக்கெட் எண்ணோடு (மில் தொழிலாளிக்குக் கொடுத்த எண்) அவர் பெயர் வரும்.

மலர்க்குழு:

பி.எஃப். கடிதம் கிடைத்துவிட்டது, மூத்த மகளிடம் இருந்தது. காரணம் என்ற இடத்தில் "பணிநீக்கம்", 1961. நாங்கள் எழுதி வைத்திருந்தது "சங்கப் பணிக்காக வேலையைத் துறந்தார்". ஆர்டிஐ மனு நேற்றுப் போட்டாயிற்று. 1, 3, 4-ஐத் திருத்திவிட்டோம், 2-ம் 6-ம் ஒப்பந்தமும் நடவடிக்கைக் குறிப்பும் பார்க்கும்வரை காலியாக நிற்கின்றன, 5-ஐ அடித்துவிட்டோம். தீர்ப்பாயத் தீர்ப்பைத் தேட 1961-லிருந்து எத்தனை ஆண்டு அரசிதழைப் புரட்ட வேண்டியிருக்கும்?

பன்னிரண்டு மூன்று:

சமரசம் முறிந்து, அரசு தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பிய ஆணையும் அரசிதழில் வரும், அதை முதலில் பிடியுங்கள். 1961, 62 இரண்டு ஆண்டில் அது சிக்கிவிட வேண்டும். தீர்ப்பு அதற்குப் பிறகு ஒன்றிலிருந்து நான்கு ஆண்டு தள்ளி இருக்கலாம். தீர்ப்பு அரசு கைக்கு வந்த 30 நாளுக்குள் வெளியிட வேண்டும் என்பது அன்றைய விதி, ஆகவே தீர்ப்புத் தேதி தெரிந்தால் அதையடுத்த இரண்டு மூன்று மாத இதழ்கள் போதும். அனுப்பிய ஆணையே இல்லையென்றால் அரசு மறுத்திருக்க வாய்ப்புண்டு. அப்போது பேரவைக் குறிப்பில் 1962 தொழிலாளர் மானிய விவாதத்தைப் பாருங்கள், வேறு யாராவது உறுப்பினர் இந்தப் பணிநீக்கத்தை எழுப்பியிருக்கலாம்.